தலைவலியும் மேல்நோவும் நானும் சேர்ந்து ஆடிய கும்மி

டாக்டர் சொன்னது தினமும் பத்து நிமிட நடை. நான் போய்ச் சேர்ந்தது ஒன்றரை மணி நேர வள்ளி கும்மி. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அக்கா.

எனக்கு இரண்டு சீக்கு. ஒன்று ஒற்றைத் தலைவலி. கல்யாணமான புதிதிலிருந்து கூடவே இருக்கிறது. சீர்வரிசைச் சீட்டில் எழுதாமல் வந்த சாமான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இன்னொன்று மேல்நோவு. அது வந்து ஆறு வருடமாகிறது. தோள், பொடனி, இடுப்பு, முழங்கால், உள்ளங்கை என்று நாளுக்கு ஒரு இடமாக நோகும். சில நாள் எல்லா இடமும் ஒன்றுகூடி நோகும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா அங்கங்கே விரலால் அழுத்திப் பார்த்து, நான் துள்ளிய துள்ளலைப் பார்த்துவிட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. ஒரு சீட்டில் தமிழில் எழுதி வாங்கி வந்து, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு அடியில் வைத்தேன். என் வாயில் நுழையாவிட்டாலும் அவர் படித்துக் கொள்வார்.

இந்த இரண்டும் ஒரே வீட்டில் வாக்கப்பட்ட ஓரகத்திகள் மாதிரி. ஒன்றுக்குப் பிடித்தது மற்றதுக்கு ஆகாது. இருட்டில் அசையாமல் கிட என்று தலைவலி சொல்லும். அசையாமல் கிடந்தால் மேல்நோவுக்குக் கோபம் வந்து ஒவ்வொரு மூட்டாக இறுக்கிப் பிடிக்கும். சரி என்று எழுந்து வெளியே நடந்தால் வெயில் கண்ணில் பட்டு மறுபடியும் தலைவலி எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த நாள் எப்போதாவது வரும். அன்றைக்கு நான் எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பலகாரம் சுடுவேன்.

சாமி கும்பிடுவதில்கூடச் சிக்கல். ஊதுபத்தி ஆகாது, சாம்பிராணி ஆகாது, மல்லிகைப் பூ ஆகவே ஆகாது. வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் ஏற்றி வைத்து, முருகா, வாசமில்லாமல் வந்திருக்கிறேன், மனசில் வைத்துக் கொள்ளாதே என்பேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் நாத்தனார்தான் சுளிப்பாள்.

பக்கத்து வீட்டு அக்கா தையல்காரி. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார். நான் டாக்டரிடம் போய் வந்த மறுநாள், வாயில் குண்டூசியை வைத்துக் கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, டாக்டரம்மா என்ன சொல்லியுட்டாங்க?"

"ஒடம்ப லேசா அசைக்கச் சொன்னாங்கக்கா."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நம்ம மாரியம்மன் கோயில் மைதானத்துல கும்மி ஆரம்பிக்குது. அசைக்க வேண்டியத எல்லாம் அங்க வந்து அசைச்சுப்போடு."

எங்கள் அன்னூர்ப் பக்கம் இப்போது கும்மி இல்லாத ஊர் இல்லை. வள்ளியை முருகன் தேடிப் போய்க் கல்யாணம் முடித்த கதையை வாத்தியார் மைக்கில் பாடுவார். மேளம் அடிப்பார்கள். நாங்கள் வட்டமாக நின்று, கைதட்டி, குனிந்து, நிமிர்ந்து, திரும்பி ஆட வேண்டும். நாற்பது நாள் பயிற்சி. முடிவில் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டி, ஊர் முன்னால் அரங்கேற்றம். மருமகளும் ஆடுவாள், மாமியாரும் ஆடுவாள்.

என் வீட்டுக்காரர் அரவை மில் வைத்திருக்கிறார். மாவு படிந்த புருவத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டம்ளரத் தூக்குனா கை நோவுதுங்கற. கும்மிக்குப் போறயா?"

"கும்மியில டம்ளர் தூக்கறதில்லீங்க."

அவர் புருவத்தைத் துடைத்துக் கொண்டு மில்லுக்குத் திரும்பினார். எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆறு வருடமாக எந்த நோம்பி, பண்டிகை வந்தாலும் நான் உள் அறையில் கதவைச் சாத்திக் கொண்டு, நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தேன். வெளியே மேளம் கேட்கும், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். யாராவது "எங்க அவ?" என்று கேட்பார்கள். இன்னொருவர் "படுத்திருக்கா" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நோயைக் குணமாக்கு என்று முருகனிடம் நான் இப்போது கேட்பதில்லை. அதற்கு அவருக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தாயிற்று. இந்த முறை வேறொன்று கேட்டேன். அரங்கேற்றத்தன்று அந்த வட்டத்தில் நான் நிற்க வேண்டும். நான் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும்.

வாத்தியார் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பகலில் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை, சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கி, காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பார். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். மூன்று நாள் வராவிட்டால் அரங்கேற்றத்தில் இடமில்லை. ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார். என்னுடையது எழுபத்தி மூன்று. தினமும் பயிற்சி முடிந்ததும், வராதவர்களின் நம்பர் வாட்ஸ்அப் குழுவில் வரும். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற எனக்கு, இந்த வயதில் திரும்பவும் வருகைப் பதிவேடு.

முதல் வாரம் உடம்பு என்னை என்ன திட்டுத் திட்டியது என்று எழுத முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நாற்காலியிடமே கெஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் மைதானத்துக்குப் போய் மேளம் கேட்டதும் கால் தானாக எழும். ஒரு பாட்டுக்கு ஆடுவேன், ஒரு பாட்டுக்கு உட்காருவேன். நோவு இல்லாமல் இல்லை. நோவும் கூடவே ஆடும். எனக்கு முன்னால் நிற்கும் தையல் அக்கா திரும்பித் திரும்பி, "எழுபத்தி மூணு, உசுரோட இருக்கறயா?" என்று கேட்பார். "எழுபத்தி ரெண்டு, முன்னால பாத்து ஆடுங்க" என்பேன். இருவரும் சிரித்ததில் இரண்டு அடி தப்பிப் போகும்.

கைதட்டுவதுதான் கஷ்டம். உள்ளங்கை சேர்ந்தால் தோள்வரை சுரீர் என்று ஏறும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். இரண்டு கையும் ஒட்டுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திவிடுவேன். நூற்றைம்பது பேர் தட்டும் சத்தத்தில் ஒருத்தி தட்டாதது யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் வாத்தியார் பாட்டை நிறுத்தினார்.

"எழுபத்தி மூணு அக்கா, உங்க கையில சத்தமே வரலீங்களே."

வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். தட்டினால் நோகிறது, அதனால் தட்டுகிற மாதிரி காட்டுகிறேன் என்று. வாத்தியார் யோசித்தார். பட்டறைக்காரர் இல்லையா, எதையும் அளந்துதான் பார்ப்பார். கிட்டே வந்து என் கையைப் பார்த்தார்.

"நூல் பிசகாம ஒரே எடத்துல நிறுத்தறீங்க. நெசமாத் தட்டறதவிட இதுதான் கஷ்டமுங்க. அப்படியே பண்ணுங்க."

அன்றிலிருந்து எனக்கு ஊமைக்கும்மி என்று பேர். அந்தப் பேரை வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டூசி வைத்திருந்த அதே வாய்தான்.

சேலை எடுக்கும் பேச்சு வந்தபோது குழுவில் ரகளை. பாதிப் பேர் பட்டை பட்டையாகக் கோடு போட்ட சேலை கேட்டார்கள். எனக்கு நெருக்கமான கோடுகளைப் பார்த்தாலே கண்ணுக்குள் நெளியும், அதைத் தொடர்ந்து தலைவலி வரும். நூற்றைம்பது கோடு போட்ட சேலைகள் சுற்றிச் சுற்றி வந்தால் என் கதி என்ன. அக்கா வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். "ஒருத்திக்குக் கண்ணு கூசுதுன்னு ஊரே வெறும் பச்சை கட்டோணுமா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். "ஆமா, கட்டோணும். இல்லீன்னா ஜாக்கெட்டுக் கையில ஒண்ணு நீளம் ஒண்ணு கட்டை ஆயிப்போகும்" என்று இவர் சொன்னாராம். கிளிப்பச்சை ஜெயித்தது. தலையில் எல்லோரும் மல்லிகை, எனக்கு மட்டும் வாசமில்லாத கனகாம்பரம். அதற்கும் வாத்தியார் தலையாட்டினார்.

இப்படி எல்லாம் சரியாக வந்தபோது இருபதாம் நாள் தலைவலி வந்தது. அன்றும் அடுத்த நாளும் நான் பயிற்சிக்குப் போகவில்லை. குழுவில் இரண்டு நாளும் என் நம்பர். இனி ஒருநாள் விட்டால் பேர் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் விழிப்பு வந்ததும், கண்ணைத் திறக்காமலேயே தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்ப்பேன். வலிக்கவில்லை என்றால்தான் முருகனைப் பார்ப்பேன். வலித்தாலும் பார்ப்பேன், ஆனால் முறைத்துப் பார்ப்பேன்.

முப்பத்தி ஆறாம் நாள் தலைவலி வந்தேவிட்டது. இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி. சாயங்காலம் ஆனதும் கருப்புக் கண்ணாடி போட்டு, தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக் கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் மறித்தார்.

"இந்தக் கோலத்துல எங்க போற?"

"பேரக் காப்பாத்திக்க."

அவர் வேனை எடுத்தார். மில்லுக்கு மூட்டை ஏற்றும் பழைய வேன் அது. வழியெல்லாம் குழி வரும் முன்னால் "குழி" என்று சொல்லிக் கொண்டே ஓட்டினார்.

மைதானத்தில் என்னைப் பார்த்ததும் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியாத ஒருத்தி, "அக்கா, சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்றாள். நான் ஓரமாகப் போய் நின்றேன். வாத்தியார் வந்தார்.

"அக்கா, வந்து நின்னா மட்டும் ஆகாதுங்களே. ஆடோணுமுங்க."

"ஆடறனுங்க. சித்த நேரம் கொடுங்க."

தையல் அக்கா நடுவில் புகுந்தார். "வாத்தியாரே, காலு நல்லா இருக்கறவளே இன்னைக்குப் பொறந்தநாள் விருந்துன்னு லீவு போட்டிருக்கறா. இவ மண்டைய ரெண்டாப் பொளக்கறப்ப வந்து நிக்கறா. இவ பேர எடுத்தீங்கன்னா என்ற பேரையும் எடுத்துப்போடுங்க. ஜாக்கெட்ட எல்லாம் அவியவியளே தெச்சுக்கட்டும்."

வாத்தியார் பேர் எழுதிய நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அரங்கேற்றத்துக்கு நாலே நாள் இருக்கிறது, அறுபது ஜாக்கெட் பாக்கி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் பயந்ததால் மட்டும் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

"வெளி வட்டத்துல நில்லுங்கக்கா. முடியலீன்னா ரெண்டு அடி பின்னால வெச்சாப் போதும், வெளிய வந்தர்லாம். உங்க முன்னாலயும் பின்னாலயும் நிக்கறவங்க ஒட்டிக்குவாங்க. வட்டம் நிக்காது."

அன்றைக்கு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினேன். குழுவில் என் நம்பர் வரவில்லை.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிளிப்பச்சையில் நூற்றைம்பது பேர் நின்றபோது மைதானமே பயிர் முளைத்த காடு மாதிரி இருந்தது. என் மனசு எனக்கு முன்னால் குதித்துக் கொண்டிருந்தது. நாத்தனார் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு பாட்டு. பிள்ளையாரை வணங்கி ஆரம்பித்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. கால் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். குனிந்தேன், நிமிர்ந்தேன், சுற்றினேன். ஐந்தாவது பாட்டில் நாத்தனார் என்னைப் பார்த்து வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குதிக்க வந்தது.

ஆறாவது பாட்டு ஆரம்பிக்கும்போது பார்வையின் வலது ஓரத்தில் ஒரு சின்ன மின்னல் கோடு. எனக்கு அதை நன்றாகத் தெரியும். முதலில் பல் பல்லாக ஒளி நெளியும். அது வளர்ந்து வளர்ந்து பார்க்கிறதில் பாதியை விழுங்கும். அது போய் முடிந்ததும் வலி வந்து உட்காரும். மின்னலுக்கும் வலிக்கும் நடுவில் ஏறக்குறைய அரை மணி நேரம். இடுப்பில் சொருகியிருந்த மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினேன். அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள?"

"அக்கா, உங்க மூஞ்சியில பாதியக் காணோங்க."

"எந்தப் பாதி இருக்குது?"

"பொட்டு இருக்குது. மூக்குத்தி இருக்கற பக்கம் இல்ல."

"பொட்டு இருந்தாச் செரி. ஆடு."

ஆடினேன். அதை எப்படிச் சொல்வது. வாத்தியாருக்குத் தலை இல்லை, மைக் மட்டும் பாடுகிறது. மேடையில் முருகன் படத்தில் மயில் இருக்கிறது, முருகன் மறைந்திருக்கிறார். கிளிப்பச்சை எல்லாம் ஓரத்தில் பொடிப் பொடியாக மின்னுகிறது. பயப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ சிரிப்பு பொங்கிக் கொண்டு வந்தது. உள் அறையில் இருட்டில் எத்தனையோ முறை இந்த மின்னலை ஒண்டியாகப் பார்த்திருக்கிறேன். மேளத்தோடு பார்ப்பது இதுதான் முதல் முறை. எட்டாவது பாட்டில் எல்லோரும் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், வலப்பக்கம் எனக்குத் தெரியாததால் இடப்பக்கம் திரும்பினேன். எனக்குப் பின்னால் இருந்த மூன்று பேர் என்னை நம்பி அவர்களும் திரும்பிவிட்டார்கள். நாலு பேரும் எதிரும் புதிருமாக மோதி, பச்சையும் பச்சையும் சிக்கி, அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சரியான பக்கம் நிறுத்தினார். மைக்கில் வாத்தியாரின் குரல் சிரிப்பில் ஒரு சொல்லை விழுங்கியது.

ஒன்பதாவது பாட்டு முடியும்போது முருகன் முழுசாகத் தெரிந்தார். கண் திரும்ப வந்துவிட்டது. அப்படியென்றால் வலி வந்துவிட்டது என்று அர்த்தம். இடது கண்ணுக்குப் பின்னால் முதல் அடி விழுந்தது. மேளத்தின் ஒவ்வொரு தட்டும் உள்ளே ஒரு தட்டாக இறங்கியது. இன்னும் மூன்று பாட்டு. பல்லைக் கடித்துக் கொண்டு ஆடலாம். விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும், ஊரே ஓடி வந்து தூக்கும், "அப்பவே சொன்னமே" என்று ஆரம்பிக்கும். நிற்பதற்காக வந்தவள் விழுந்து போகக் கூடாது. முருகா, ஒன்பது போதும், நிறைவாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாட்டு மாறும் இடத்தில் இரண்டு அடி பின்னால் வைத்தேன்.

முன்னால் இருந்த அக்கா அரை அடி பின்னால் தள்ளி வந்தார், பின்னால் இருந்தவள் அரை அடி முன்னால் வந்தாள். நான் நின்ற இடம் மூடிக் கொண்டது. வட்டம் எதுவும் நடக்காதது மாதிரி சுற்றியது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மைதானத்து ஓரத்தில் நின்ற எங்கள் வேனுக்குப் போனேன். ஜன்னலுக்கெல்லாம் உள்பக்கம் மாவு மூட்டைச் சாக்கு கட்டியிருந்தது. பின்னால் பாய் விரித்திருந்தது. தண்ணீர், துண்டு, வாந்தி எடுக்க ஒரு வாளி. வீட்டுக்காரர் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"இதெல்லாம் எப்பங்க பண்ணுனீங்க?"

"நீ சேலை கட்டறதுக்கு முந்தியே."

வாளிக்கு வேலை கொடுத்துவிட்டுப் படுத்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சாக்குக்கு அந்தப் பக்கம் மூன்று பாட்டும் முடிந்தன. பிறகு மேடையில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். எழுபதைக் கூப்பிட்டார்கள். எழுபத்தி ஒன்று. அக்காவின் எழுபத்தி இரண்டு. பாதியில் போனவளைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை.

மைக்கில் நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுபத்தி மூணு."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. மேடையிலிருந்தே அக்காவின் குரல் மைக்கில் நுழைந்தது. "அவ வேனுல இருக்கறா வாத்தியாரே. அவ ஊட்டுக்காரர வரச் சொல்லுங்க."

"எழுபத்தி மூணாம் நம்பர் அக்கா ஊட்டுக்காரர் மேடைக்கு வாங்க."

வீட்டுக்காரர் வேனின் அந்தப் பக்கம் போய் ஒளிந்தார். "அத்தன பொம்பளைக நடுவுல நானா? போமாட்டேன்."

"ஒம்பது பாட்டு ஆடியிருக்கறனுங்க" என்றேன், கண்ணை மூடிக் கொண்டே.

செருப்புச் சத்தம் போனது. அவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் குலவை எழுந்தது. நூற்றைம்பது பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு நான் செத்திருப்பேன். அன்றைக்குத் துண்டைக் காதில் வைத்து அழுத்திக் கொண்டு, மேலும் கொஞ்சம் போடட்டும் என்று கிடந்தேன்.

அவர் வர வெகுநேரமாயிற்று. கதவு திறந்தபோது பார்த்தேன். பரிசு ஒரு பித்தளைப் பூஜை மணி. அது ஆடி ஒலிக்காதபடி உள்ளே விரலை விட்டு அதன் நாக்கைப் பிடித்துக் கொண்டு, மேடையிலிருந்து வேன்வரை அடிமேல் அடி வைத்து நடந்து வந்திருக்கிறார். மாவில்லாத புருவம் வேர்த்திருந்தது.

"ஆடுனது நீ. வெக்கப்பட்டது நானு" என்றார்.

சிரித்தேன். சிரித்தால் தலை இடித்தது, விலா நொந்தது. நிறுத்த முடியவில்லை. அவர் நாக்கை விடாமலே மணியை என் பக்கத்தில் படுக்க வைத்து, என் விரலை எடுத்து உள்ளே விட்டு, "புடிச்சுக்க, குழி வருது" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.